ஏழாம் நம்பர் ஓசை

ஊவாவின் ஓசைகள் – 12

சென்ற வாரம் காமன் கூத்துத் தப்பை நெருப்பில் காய்ச்சுகிற இடத்தோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரமும் அதே தோட்டம்தான். பதுளையிலிருந்து பசறை ரோட்டில் போய், பஸ்சை விட்டிறங்கி, தேயிலைக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். மாரியம்மன் திருவிழாவுக்கு இன்னும் 10 நாள் இருந்தது. கோவில் மண்டபத்தில் பஜனைக் கோஷ்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. தபேலா, ஜால்ரா, அதோடு ஒரு ஓர்கன். எலக்ட்ரிக் கீபோர்டுக்கு இங்கே அதுதான் பெயர். குழல் வைத்த நிஜ ஓர்கனைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு என்பதால் குழப்பமும் வருவதில்லை.

வாசித்த பையன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன். கொழும்பில் புடவைக் கடையில் நிற்கும் அண்ணன் பழையதாக வாங்கிக் கொடுத்த ஓர்கன் அது. மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை உடைந்துபோய், அந்த இடத்தில் ஐஸ்கிரீம் குச்சியை ஒட்டி வைத்திருந்தான். பாட்டு தொடங்குமுன் பட்டன்களை மூன்று தரம் அழுத்தினான்: பூச்சியம், பூச்சியம், ஏழு. அதன்பின் வந்த சத்தம் என்னைத் திரும்பிப் பார்க்கவைத்தது. பித்தளைத் தட்டில் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகப் போடுகிற மாதிரி ஒரு கூர்மை.

"இது என்ன சத்தம் தம்பி?"

"ஏழு மாமா."

"பேர் என்ன?"

"பேரெல்லாம் தெரியாதுங்க. நாங்க ஏழுன்னுதான் சொல்லுவோம். வீணை மாதிரி இருக்கும். ஆனா வீணை இல்ல."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. 1991இல் கீபோர்ட் செய்கிற கம்பெனிகள் கூடி 128 ஓசைகளுக்குப் பொதுவான எண் வரிசை ஒன்றை வகுத்துக்கொண்டன. அதில் முதல் ஆறும் பியானோ வகைகள். ஏழாவது, ஹார்ப்சிகார்ட். ஐரோப்பாவில் நூறு வருஷம் செத்துக் கிடந்து, பிறகு ஒரு பெண்ணின் விரல்களால் எழுந்து வந்த வாத்தியம். பசறை ரோட்டுத் தோட்டத்தில் அம்மன் பாட்டுக்கு முன்னிசை வாசிக்கிற அளவுக்கு அது நடந்து வந்த வழியைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

பார்க்கப் பியானோவின் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே நடக்கிற காரியம் வேறு. கட்டையை அழுத்தினால் மறுமுனையில் நிற்கிற ஒரு சாண் நீளத்து மெல்லிய மரப்பட்டை மேலே எழும்பும். அதன் பக்கவாட்டில் காக்கை இறகின் காம்பைச் சீவிச் செருகிய ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். மரப்பட்டை எழும்பும்போது அந்த முள் கம்பியைச் சுண்டிவிட்டுப் போகும். விரலை எடுத்தால் பட்டை தன் பாரத்தில் கீழே விழும். விழும்போது முள் மறுபடி கம்பியைச் சுண்டிவிடாதபடி ஒரு சின்ன மரநாக்கு பின்னால் மடங்கி வழிவிடும். மேலே ஒட்டியிருக்கிற கம்பளித் துண்டு கம்பியில் உட்கார்ந்து சத்தத்தை அடக்கிவிடும். பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கிறது. ஆகவே பியானோ சந்தூரின் சொந்தக்காரன், ஹார்ப்சிகார்ட் வீணையின் சொந்தக்காரி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் கம்பி ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஒலிக்கும். 1700ஐ ஒட்டி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்ற வாத்தியத் தச்சர் கம்பியைச் சுண்டுவதற்குப் பதிலாகச் சுத்தியலால் அடிக்கிற பெட்டியைச் செய்தார். விரலின் பலத்துக்கேற்ப மெதுவாகவும் உரக்கவும் பேசுகிற பெட்டி. நூறு வருஷத்துக்குள் அது எல்லா வீடுகளையும் பிடித்துக்கொண்டது. 1816இன் குளிர்காலத்தில் பாரிஸ் இசைக்கல்லூரியில் வகுப்பறைகளைச் சூடாக்கப் பழைய ஹார்ப்சிகார்ட்டுகளை உடைத்து அடுப்பில் போட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நம் பக்கத்துப் பழைய துரைமார் பங்களாக்களில் கறையான் தின்ற பியானோக்களைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எரிகிறதற்கு முன்னால் எல்லா வாத்தியமும் விறகுதான்.

உயிரோடு இருந்த காலத்தில் ஹார்ப்சிகார்ட் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் ஃபௌக், காசியில் வேலை பார்த்தவர், வடநாட்டு வீணையான பீனைப் பற்றி எழுதிய கட்டுரை 1788இல் 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வந்தது. தன் காதை நம்பாமல், பீனை ஹார்ப்சிகார்ட்டோடு சுருதி சேர்த்து, சுரம் சுரமாக ஒப்பிட்டுப் பார்த்ததாக அவர் எழுதுகிறார். வீணையை அளக்க அந்தப் பெட்டி முழக்கோலாகிவிட்டது! அவருடைய தங்கை மார்கரெட், பாடகிகளும் சாரங்கிக்காரர்களும் வாசித்த மெட்டுகளைச் சேகரித்து ஹார்ப்சிகார்ட்டில் வாசித்தவர். அப்படிச் சேர்த்த மெட்டுகளை வில்லியம் ஹாமில்டன் பேர்ட் 1789இல் கல்கத்தாவில் அச்சிட்டார். அந்தப் புத்தகத்தை ஜேன் சாப்மன் என்ற ஆங்கிலேய ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாசித்துப் பதிவுசெய்தது 2015இல் இசைத்தட்டாக வந்தது. கேட்டிருக்கிறேன். ராகம் முகம் கழுவி, பவுடர் போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு வருகிறது. ஆனாலும் நடையைப் பார்த்து ஆளை அடையாளம் தெரிகிறது.

இந்த வாத்தியம் உயிர்த்த கதையின் ஓரத்தில் நம்மவர் ஒருவர் நிற்கிறார். ஆனந்த குமாரசுவாமி, 1877இல் கொழும்பில் பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கி, இந்தத் தீவின் மலைகளைக் கல் கல்லாகப் பார்த்தவர். பிறகு கல்லை விட்டுக் கலைக்குப் போனார். இங்கிலாந்தில் அவர் சேர்ந்துகொண்டது வில்லியம் மொரிஸின் வழிவந்த கூட்டத்தோடு. எந்திரம் செய்த சாமான் வேண்டாம், கை செய்ததுதான் கலை என்று நின்ற கூட்டம். மொரிஸின் புத்தகங்களை அச்சடித்த அதே கை அச்சுப்பொறியில்தான் குமாரசுவாமி 1908இல் தன் இடைக்காலச் சிங்களக் கலை நூலை அச்சிட்டார்.

ஆர்னல்ட் டோல்மெட்ச் என்ற வாத்தியத் தச்சரை ஹார்ப்சிகார்ட் செய்யும்படி தூண்டிவிட்டவரும் அந்த மொரிஸ்தான். 1896இல் லண்டனில் நடந்த கைவினைக் கண்காட்சிக்கு டோல்மெட்ச் பச்சை வர்ணம் பூசிய ஒரு ஹார்ப்சிகார்ட்டைச் செய்து வைத்தார். அந்த வருஷம் மொரிஸ் சாகக் கிடந்தபோது, சின்ன வகைப் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் பழைய இசையை வாசித்துக் காட்டியவரும் அவரே. பிற்காலத்தில் குமாரசுவாமிக்குக் கடிதத் தோழராயிருந்த மார்கோ பல்லிஸ், டோல்மெட்சிடம் வாத்தியம் படித்த மாணவர். ஆக, செத்த வாத்தியத்தை எழுப்பலாம் என்ற எண்ணம் புறப்பட்ட வீட்டின் திண்ணையில் நம் ஆளும் இருந்திருக்கிறார்.

ஆனால் தச்சன் பெட்டியைச் செய்துவிட்டால் போதுமா? பார்க்க வருவார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், கண்காட்சி முடிந்ததும் போய்விடுவார்கள். ஆயிரம் பேரை டிக்கெட் வாங்கவைத்து உட்காரவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

வாண்டா லாண்டோவ்ஸ்கா. 1879இல் வார்சாவில் பிறந்தவர். ஆளைப் பார்த்தால் சின்ன உருவம், இறுக்கி முடிந்த கொண்டை. பியானோவில் பெயர் வாங்கிவிட்டு, 1900இல் பாரிஸ் வந்து, 1903இல் முதல்முறை மேடையில் ஹார்ப்சிகார்ட் வாசித்தார். பியானோவில் நல்ல பிழைப்பு இருக்கும்போது இது என்ன பைத்தியம் என்று கேட்டவர்கள் உண்டு. பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இந்த வாத்தியத்துக்கு எழுதினார், அதை இதில்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. சும்மா வாதாடிக்கொண்டிருக்கவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ருஷியாவில் டால்ஸ்டாயின் கிராமத்து வீட்டுக்குப் பனிச்சறுக்கு வண்டியில் ஹார்ப்சிகார்ட்டை ஏற்றிக்கொண்டு போய் வாசித்துவிட்டு வந்தார். ஏழு மைல் மலைப்பாதையில் சவுண்ட் பொக்ஸை லொறியில் ஏற்றிக்கொண்டு போகிற நம் இசைக்குழுக்காரர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

பழைய ஹார்ப்சிகார்ட்டுகள் சிறிய அறைகளுக்கானவை, பெரிய மண்டபத்தில் எடுபடவில்லை. பாரிஸில் பியானோ செய்கிற ப்ளெயெல் கம்பெனியிடம் சொல்லித் தனக்கென்று ஒரு பெரிய பெட்டி செய்வித்துக்கொண்டார். இரண்டு வரிசைக் கட்டைகள், ஒரு ஸ்தாயி கீழே பேசுகிற கூடுதல் கம்பி வரிசை, ஓசையை மாற்றக் காலடியில் ஏழு பெடல். 1912இல் ப்ரெஸ்லாவ் நகரத்துப் பாக் விழாவில் அதை அரங்கேற்றினார். 1923இல் அமெரிக்காவுக்குப் போனபோது இப்படி நாலு பெட்டிகளைக் கப்பலில் கொண்டுபோனார்.

இங்கே ஒரு வேடிக்கை. மொரிஸ் கூட்டத்துத் தராசில் வைத்தால் லாண்டோவ்ஸ்காவின் பெட்டி தேறவே தேறாது. அது தொழிற்சாலைச் சரக்கு, பாதி பியானோ. 1949இல் பாஸ்டனில் ஃபிராங்க் ஹபர்டும் வில்லியம் டௌடும் பட்டறை வைத்துப் பழைய ஹார்ப்சிகார்ட்டுகளை அச்சு மாறாமல் செய்யத் தொடங்கியபின், ப்ளெயெல் பெட்டிகள் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய்விட்டன. சுத்தக்காரர்கள் அவற்றைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். முகம் சுளிக்க ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்றால், அந்தக் கூட்டத்தை உட்காரவைத்தவர் அந்த அம்மாள்தான்.

அவர் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது புதுப் பாட்டு வாங்கியது. பழையதை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் நினைவஞ்சலிக் கூட்டமாகிவிடும். ஸ்பெயினின் மானுவேல் டி ஃபாயா அவருக்காக ஒரு கச்சேரி உருப்படி எழுதினார், 1926இல் பார்சிலோனாவில் அரங்கேறியது. பிரான்ஸின் பிரான்சிஸ் புலாங் எழுதிய இன்னொன்று 1929இல். பாரிஸுக்கு வெளியே சான்-லூ என்ற ஊரில் வீடு வாங்கிப் பள்ளிக்கூடம் வைத்தார், தோட்டத்தில் சின்ன மண்டபம் கட்டினார். பாக் 1741இல் வெளியிட்ட 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்', ஒரு மெட்டும் அதன் 30 விரிவுகளும், அந்த மண்டபத்தில் 1933 மே மாதம் அவர் கையால் ஒலித்தது. நவம்பரில் ரெக்கார்ட் ஆனது. அடுத்த மாதம் நம் பக்கத்து நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா காலமானார். கிட்டப்பாவின் குரலுக்கு அவர் சகோதரர் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியமும் பழைய தட்டுகளில் இருக்கிறது. இரண்டு கட்டைப் பெட்டிகள், ஒரே காலத்து அரக்குத் தட்டுகள். ஒன்றை மேடையின் நடுவில் வைத்தார்கள். மற்றதை ஓரத்தில் வைத்தார்கள்.

1940இல் பாரிஸில் பழைய இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் சொனாட்டாக்களை அவர் பதிவுசெய்துகொண்டிருந்தபோது வெளியே விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வெடித்தன. அந்தச் சத்தம் தட்டில் விழுந்திருக்கிறது. விரல் நிற்கவில்லை. சில மாதங்களில் ஜெர்மன் படை வந்தது. அவர் யூதர். வீட்டை விட்டுத் தெற்கே ஓடினார். நாஜிகள் சான்-லூ வீட்டிலிருந்த புத்தகங்களையும் வாத்தியங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். 1941 டிசம்பர் 7ஆம் தேதி, ஜப்பான் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே நாளில், நியூயார்க்கில் வந்து இறங்கினார். வயது 62. இரண்டரை மாதத்தில் டவுன் ஹால் மண்டபத்தில் மறுபடி 'கோல்ட்பெர்க்'. 1959இல் கண் மூடும்வரை அமெரிக்காதான்.

மெதுவாகவும் உரக்கவும் பேசத் தெரியாத பெட்டியில் என்னதான் செய்தார் என்று பழைய ரெக்கார்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். விஷயம் கட்டையை அழுத்துவதில் இல்லை, விரலை எடுப்பதில் இருக்கிறது. ஒரு சுரத்தை இன்னொன்றோடு ஒட்டவிட்டால் பாடுகிறது. இம்மியளவு முன்னால் விரலை எடுத்தால் அடுத்த சுரம் தலை நிமிர்ந்து நிற்கிறது. எடுக்காமல் கொஞ்சம் தாமதித்தால் கேட்கிறவனுக்கு மூச்சு முட்டுகிறது. சத்தம் கூடியதாகக் காது ஏமாந்துபோகிறது.

இப்போது ஆர்மோனியத்துக்கு வருவோம். குமாரசுவாமிக்கு அதைக் கண்டாலே ஆகாது; கிராமபோனையும் அதையும் ஒரே கூண்டில் நிறுத்தித் திட்டினார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, இந்த ஒரு வழக்கில் மட்டும் நான் எதிர்க்கட்சி. கமகம் வராது, சுரத்துக்கு நடுவே நழுவ முடியாது என்பது உண்மைதான். அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்துக்குக் கதவைச் சாத்தியது. 1971 வரை திறக்கவில்லை. ஹார்ப்சிகார்ட்டிலும் சுரம் நழுவாது. சத்தம்கூடக் கூடிக் குறையாது. அதன் குறையை அழகாக்க ஒருத்தி வாழ்நாளைக் கொடுத்தாள். ஆர்மோனியத்துக்குத் தனியாக உட்கார்ந்து வாசிக்க மேடை கொடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அந்தத் தோட்டத்து ஆர்மோனியப் பெட்டி மாஸ்டருக்கு வயது 80ஐ நெருங்குகிறது. பொன்னர் சங்கர் கூத்துக்கும் அருச்சுனன் தபசுக்கும் வாசித்தவர், ஓர்கன் வந்தபின் ஒத்திகைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். பெட்டியை அவர் வைத்திருக்கும் விதம் தனி. ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டிக்குள் துணி சுற்றி, நாலு சூடம் போட்டு. ஐப்பசி கார்த்திகையில் அடைமழைக்கு ஈரம் ஏறாது, பூச்சி அண்டாது. ஆடி ஆவணியில் கச்சான் அடிக்கும்போதுதான் தொல்லை என்பார். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏற்றுகிற அந்தக் காய்ந்த காற்று, பெட்டியின் பலகையைச் சுருங்கவைத்துத் துருத்தியில் காற்று ஒழுகவிடும். பித்தளை ரீட்டை பிளேடால் சுரண்டிச் சுருதி சேர்ப்பதை அவர் கையில்தான் பார்த்தேன். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். தலைமயிர் அளவுக்குத்தான் சுரண்டுவார். பிறகு காதருகே வைத்து ஊதிப் பார்ப்பார்.

அன்று ஒத்திகை பாதியில் கரண்ட் போய்விட்டது. ஓர்கன் அடங்கியது. தபேலாக்காரர் பீடி பற்றவைக்க வெளியே போனார். பையன் மட்டும் கட்டைகளைச் சத்தமில்லாமல் அழுத்திக்கொண்டிருந்தான். அவனுடைய ஓர்கன் மலிவானது. மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் ஒரே சத்தம். கூடின விலையுள்ளதில் அது மாறும், தனக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று கொஞ்சம் முன்னால்தான் என்னிடம் சொல்லியிருந்தான். நான் போனில் இருந்த லாண்டோவ்ஸ்காவை அவன் காதில் மாட்டிவிட்டேன். 1940 பாரிஸ். அரை நிமிஷம் கேட்டான்.

"ஏழு!" என்றான். அப்புறம், "நடுவுல என்னமோ டொம்முன்னு வெடிக்குதுங்க."

"குண்டு."

"நிறுத்தலியே."

மறுபடி முதலிலிருந்து கேட்டான். அதற்குள் மாஸ்டர் தேயிலைப் பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, ஆர்மோனியத்தை மடிக்கு முன்னால் வைத்திருந்தார். இருட்டில் துருத்தி ஒருதரம் பெருமூச்சு விட்டது. பையன் போன் வெளிச்சத்தைக் கட்டைகளின்மேல் பிடித்தான். பாட்டில்லாமல், பாடுகிறவர் இல்லாமல், அவர் மோகனத்தில் எதையோ வாசிக்கத் தொடங்கினார். கூத்தில் ராஜா வருமுன் வாசிப்பதாம்.

"தாத்தா, இதுல ஏழாம் நம்பர் வராதுல்ல?"

"என்னடா அது?"

பையன் காதிலிருந்து கழற்றி அவர் காதில் வைத்தான். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். காதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, இடது கையால் துருத்தியை இறுக்கிப் பிடித்து, வலது கையின் நடுவிரலை ஒரு கட்டையில் வைத்து உடனே எடுத்தார். சுண்டின மாதிரி ஒரு துளி சத்தம் விழுந்தது. இன்னொன்று. பிறகு மோகனத்தின் ஐந்து சுரங்களும் அப்படியே, துளித் துளியாக, ஏறி இறங்கின.

"வச்ச வெரல வெரசா எடுக்கணும்டா," என்றார். "எங்க, நீ ஒருக்கா எடு பாப்போம்."

(ஓசை தொடரும்)